கோனனின் வாள் உண்மையில் எப்படிப் பிறந்தது?

1982இல் வெளிவந்த 'கோனன் தி பார்பேரியன்' படத்தின் தொடக்கத்தில் ஒரு வாள் உருவாகிறது. பனிமலைக் கிராமம் ஒன்றில் ஊர்க்கொல்லரான கோனனின் தந்தை உருகிய எஃகைத் திறந்த அச்சில் ஊற்றுகிறார். உறைந்ததை எடுத்துச் சம்மட்டியால் அடிக்கிறார். செந்தணலாக இருக்கும் அலகைப் பனியில் வைத்துத் தோய்ச்சல் கொடுக்கிறார். பின்னணியில் பேசில் பொலிடூரிஸின் இசை முழங்குகிறது. ஒரு கருவி உருவாவதை இவ்வளவு பக்தியோடு காட்டிய படங்கள் அரிது. எஃகின் மேல் அந்தப் படத்துக்கு உள்ள காதலில் பொய் இல்லை. காட்டிய வழியில்தான் பொய் இருக்கிறது. அப்படி ஊற்றி, அப்படிப் பனியில் வைத்து எடுத்தால் கிடைப்பது முதல் மோதலிலேயே முறியவோ வளையவோ கூடிய ஓர் இரும்புத் துண்டு மட்டுமே.

படத்துக்காக உண்மையில் செய்யப்பட்ட வாள்கள் வேறு வழியில் பிறந்தன. அந்த வழி திரையில் காட்டியதைவிடச் சுவையானது. அதில் கொல்லர் வேலை இருக்கிறது, சிற்பியின் வேலை இருக்கிறது, மின்பொறியால் இரும்பை அரிக்கும் இருபதாம் நூற்றாண்டுத் தொழில்நுட்பமும் இருக்கிறது. அதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கதையில் முக்கியமான வாள்கள் இரண்டு. ஒன்று, தந்தை செய்த வாள். மற்றொன்று, கோனன் ஒரு பழங்காலக் கல்லறைக்குள் கண்டெடுக்கும் அட்லாண்டிய வாள். இரண்டையும் வரைந்தவர் ரான் காப். 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விசித்திர உயிரினங்களிலும் 'ஏலியன்' படத்தின் விண்கலத்திலும் பங்களித்த ஓவியர் அவர். கோனன் படத்தின் தயாரிப்பு வடிவமைப்பாளரும் அவரே. வாள் எப்படி இருக்க வேண்டும் என்ற கனவு இயக்குநர் ஜான் மிலியஸுடையது. கனவையும் ஓவியத்தையும் உலோகமாக மாற்றியவர் ஜோடி சாம்சன் என்ற அமெரிக்க வாள் கைவினைஞர். ஒவ்வொரு வாளிலும் நான்கு பிரதிகள் செய்யப்பட்டன. ஒரு வாளுக்கு ஆன செலவு 10,000 டாலர்.

திரையில் காட்டிய வழி ஏன் தவறு என்பதை முதலில் பார்த்துவிடுவோம். எஃகு உருகுவதற்குச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்த வெப்பத்தில் திறந்த அச்சில் ஊற்றப்படும் எஃகு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு உடனே சேர ஆரம்பிக்கும். உள்ளே கரைந்திருக்கும் வாயுக்கள் உறையும் நேரத்தில் குமிழ்களாக வெளிவரும். சில வெளிவராமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உறையும்போது எஃகின் பருமன் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குச் சுருங்குவதால் ஆங்காங்கே வெற்றிடங்கள் விழும். உலோகப் படிகங்கள் கிளை கிளையாகப் பெரிதாக வளர்ந்துவிடும். பெரிய படிகங்கள் கொண்ட எஃகு எளிதில் பிளக்கும். சம்மட்டியால் நாலு தட்டு தட்டி இவற்றைச் சரிசெய்துவிட முடியாது.

படத்தில் காட்டுவது வெண்கலக் காலத்து முறை. வெண்கலம் ஆயிரம் டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும், அச்சில் நன்றாக ஓடும், உறைந்தபின் விளிம்பை மட்டும் தட்டிக் கடினமாக்கலாம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலும் சீனாவிலும் வெண்கல வாள்களை அப்படித்தான் வார்த்தார்கள். மிலியஸ் வெண்கலத்தின் பிறப்பை எடுத்து எஃகுக்குக் கொடுத்துவிட்டார்.

எஃகைத் திரவமாக்கிப் பயன்படுத்திய பழைய மரபு ஒன்று உண்டு. அது நம்முடையது. தென்னிந்தியாவில் இரும்புத் துண்டுகளையும் மரத்துண்டு, இலை போன்றவற்றையும் மண்மூசையில் இட்டு, வாயை மூடி, உலையில் நெடுநேரம் வைத்து உருக்கினார்கள். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு, எஃகு உலைகளின் எச்சங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. இந்த எஃகைத்தான் ஐரோப்பியர்கள் 'ஊட்ஸ்' என்று அழைத்தார்கள். மைக்கேல் ஃபாரடேகூட அதன் ரகசியத்தை அறியச் சோதனைகள் செய்தார். ஆனால் அந்தக் கொல்லர்கள் வாளை வார்க்கவில்லை. மூடிய மூசைக்குள் காற்றுப் படாமல் உருகி, மெல்ல ஆறிய சிறு கட்டியைத்தான் வார்த்தார்கள். அந்தக் கட்டியை மிதமான சூட்டில், பொறுமையாக, திரும்பத் திரும்ப அடித்து நீட்டிய பிறகே அது வாளானது. அவசரப்பட்டு அதிகச் சூட்டில் அடித்தால் கட்டி நொறுங்கிவிடும்.

பனியில் தோய்ப்பதும் அப்படித்தான். பனி பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் தளர்வான பனியின் பெரும்பகுதி காற்று. செந்தணலான அலகு பட்டவுடன் சுற்றியுள்ள பனி உருகி ஆவியாகி, அலகைச் சுற்றி ஒரு நீராவி உறை உண்டாகிறது. ஆவி வெப்பத்தை மோசமாகவே கடத்தும். சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடுவதும் இதே காரணத்தால்தான். ஓரிடத்தில் பனி ஒட்டும், மற்றோரிடத்தில் ஒட்டாது. வாள் சீராகக் கடினமாகாது. பக்கவாட்டில் கோணிக்கொள்ளவும் செய்யும்.

சாம்சன் எதையும் வார்த்து அலகு செய்யவில்லை. கார்பன் எஃகுப் பட்டையை எடுத்து, வேண்டாத பகுதியைச் சாணையில் தேய்த்து நீக்கினார். கல்லிலிருந்து சிலை எடுப்பவர் செய்வதும் இதுவே: உருவம் உள்ளே இருக்கிறது, மிச்சத்தை எடுக்க வேண்டும். இந்த முறைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இன்று எஃகு ஆலையிலிருந்து வரும் பட்டை ஏற்கெனவே உருட்டாலைகளில் நசுங்கி, படிகங்கள் நுண்மையாகி, உட்குமிழ்கள் இல்லாமல் சீராக இருக்கிறது. பழங்காலக் கொல்லர் சம்மட்டியால் செய்த வேலையை ஆலையே செய்துவிட்டது. எனவே நல்ல பட்டையைச் சாணை பிடித்துச் செய்த அலகு, அடித்துச் செய்த அலகைவிட வலிமையில் தாழ்ந்ததல்ல. அடித்துச் செய்தால்தான் வாள் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் உள்ளது. அதற்கு உலோகவியலில் ஆதாரம் இல்லை.

சாணை பிடிப்பது எளிய வேலை என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் பட்டையை வாளின் புறவடிவத்துக்கு வெட்ட வேண்டும். பிறகு நடுவிலிருந்து இரு விளிம்புகளுக்கும் சரிவு எடுக்க வேண்டும். நான்கு சரிவுகளும் ஒரே கோணத்தில் நீள நெடுக ஓட வேண்டும். கை ஒரு நொடி தயங்கினால் அங்கே ஒரு பள்ளம் விழும். பள்ளத்தை மறைக்க அலகு முழுவதையும் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருக்கும். பளபளப்பாக்கிய அலகின் மேல் விளக்கொளி ஓடும்போது இந்தத் தவறுகள் அனைத்தும் அலையலையாகத் தெரிந்துவிடும். பெரிய திரையில் வாளின் ஒரு சாண் நீளம் இருபது அடிக்குக் காட்டப்படும் என்பதை நினைத்துப் பார்த்தால் சாம்சனின் கை எவ்வளவு உறுதியாக இருந்திருக்க வேண்டும் என்பது புரியும்.

வடிவம் வந்தபின் வெப்பச் சிகிச்சை. கோனன் வாள்களின் அலகுகள் இதைப் பெற்றவை. இதுதான் எஃகின் உயிர்நாடி, எனவே சற்று நிற்போம். எஃகு என்பது இரும்பில் கொஞ்சம் கார்பன். சாதாரண வெப்பத்தில் இரும்பு அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தில் கார்பனுக்கு இடம் கிடையாது. அது தனிச் சேர்மமாக ஒதுங்கி நிற்கும். எண்ணூறு டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் இரும்பு அணுக்கள் வேறு வரிசைக்கு மாறுகின்றன. அந்தப் புதிய வரிசையில் கார்பன் நுழைய இடைவெளி இருக்கிறது. அது கரைந்து பரவிவிடுகிறது. இந்த நிலையில் எஃகு காந்தத்தில் ஒட்டாது. தணலில் இருக்கும் அலகில் காந்தத்தை வைத்துப் பார்த்துச் சூட்டைக் கணிக்கும் வழக்கம் கொல்லர்களிடம் இருப்பது இதனால்தான்.

இப்போது மெதுவாக ஆறவிட்டால் கார்பன் மீண்டும் வெளியேறி ஒதுங்கும், எஃகு மென்மையாகவே இருக்கும். சட்டென்று எண்ணெயில் தோய்த்தால் கார்பனுக்கு வெளியேற நேரம் இல்லை. பழைய வரிசைக்குத் திரும்ப முயலும் இரும்பு அணுக்களுக்கு நடுவே அது சிக்கிக்கொள்கிறது. நெருக்கடிக்கு உள்ளான அந்த அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். அரம் போட்டாலும் வழுக்கும் அளவுக்கு அது கடினம். அதே அளவுக்கு எளிதில் நொறுங்கும். தோய்ச்சல் மட்டும் முடிந்த வாளைக் கல்தரையில் தவறவிட்டால் இரண்டாகிவிடலாம்.

அதனால் மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதம் பார்க்க வேண்டும். கார்பனில் ஒரு பங்கு வெளியேறி நெருக்கடி தளர்கிறது; கடினம் கொஞ்சம் குறைந்து நெகிழ்வு வருகிறது. இருநூறு டிகிரியைத் தாண்டினால் மெருகிட்ட எஃகின் மேல் வைக்கோல் நிறம் படரும், பிறகு ஊதா, முந்நூறை நெருங்கும்போது நீலம். இந்த நிறங்களைத் தருவது மேற்பரப்பில் உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலம். தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் வானவில் தெரிவதும் இதே ஒளி விதிப்படிதான். சவரக் கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்தலாம். நீளமான வாளுக்கு நீலம் அல்லது அதற்கும் மேல் போக வேண்டும், வில்போல் வளைந்து திரும்ப வேண்டும் என்பதற்காக. சினிமா வாளுக்குக் கூர் தேவையில்லை என்பதால் பதத்தை நெகிழ்வின் பக்கம் தாராளமாகச் சாய்க்கலாம். கோனனின் வாள்களுக்கும் கூர் வைக்கவில்லை.

அடுத்தது அலகின் மேல் செதுக்கிய எழுத்துகள். பழங்கால வாள் என்று பார்த்தவுடன் தோன்ற வேண்டும் என்பதற்காக இவற்றைச் சேர்த்தார்கள். ஆனால் செதுக்கிய விதத்தில் பழமை எதுவும் இல்லை. மின்பொறி அரிப்பு முறையைப் பயன்படுத்தினார்கள். சோவியத் ஒன்றியத்தில் 1943இல் போரிஸ் லாசரென்கோ, நதாலியா லாசரென்கோ என்ற தம்பதியர் உருவாக்கிய முறை இது. மின் இணைப்புகளில் தீப்பொறி பறந்து முனைகள் தேய்ந்துபோவதைத் தடுக்க வழி தேடியவர்கள், தேய்வையே ஒரு கருவியாக்கிவிட்டார்கள்.

வேண்டிய எழுத்து வடிவத்தில் செம்பிலோ கிராஃபைட்டிலோ ஒரு மின்முனை செய்கிறார்கள். மின்சாரம் கடத்தாத எண்ணெயில் அலகை மூழ்கவைத்து, மின்முனையை அதன் மிக அருகில் கொண்டுவருகிறார்கள். இரண்டும் தொடுவதில்லை, நடுவில் மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான பொறிகள் தெறிக்கின்றன. ஒவ்வொரு பொறியும் எஃகில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியை உருக்கி ஆவியாக்கி எடுக்கிறது. எண்ணெய் துகள்களைக் கழுவிச் செல்கிறது. மெல்ல மெல்ல மின்முனையின் வடிவம் எஃகுக்குள் இறங்கிவிடுகிறது. உளி தொடாததால் எஃகு எவ்வளவு கடினமாக இருந்தாலும் கவலையில்லை. நான்கு பிரதிகளிலும் எழுத்துகள் ஒரே மாதிரி விழும் என்பது இன்னொரு லாபம். படப்பிடிப்பில் அது சின்ன விஷயமல்ல: ஒரு காட்சியில் ஒரு பிரதியும் அடுத்த காட்சியில் இன்னொரு பிரதியும் வந்தால் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியக் கூடாது.

கைப்பிடிப் பகுதி வேறு உலகம். கையைக் காக்கும் குறுக்குத் துண்டான கைக்காப்பு, பிடியின் கடைசியில் இருக்கும் குமிழ் ஆகியவற்றைச் சிற்பமாகச் செய்து, மெழுகு வார்ப்பு முறையில் உலோகமாக்கினார்கள். இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் செய்வது இதைத்தான்: மெழுகில் உரு, அதன்மேல் காவிரி வண்டல் மண் பூச்சு, சூடாக்கி மெழுகை வெளியேற்றல், வெற்றிடத்தில் உலோகம். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. ஸ்தபதி நேராக மெழுகில் செதுக்குகிறார், மண் அச்சை உடைத்துச் சிலையை எடுக்கிறார்; அந்தச் சிலை உலகில் ஒன்றுதான். பல பிரதிகள் வேண்டுமென்றால் மூலச் சிற்பத்திலிருந்து நெகிழும் ரப்பர் அச்சு எடுத்து, அதிலிருந்து எத்தனை மெழுகு உரு வேண்டுமோ அத்தனை எடுத்துக்கொள்வார்கள். வெண்கலம் போன்ற செம்புக் கலவைகள் ஆறும்போது நீளத்தில் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்கும். அதற்கேற்பச் சிற்பத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். இல்லையென்றால் கைக்காப்பின் நடுத்துளைக்குள் அலகு நுழையாது.

இனி இவற்றை ஒன்றாகக் கோர்க்க வேண்டும். வாள் என்றால் அலகு என்று நினைக்கிறோம். வாளை வாளாக வைத்திருப்பது பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் வால்பகுதி. அலகு முடியும் இடத்தில் எஃகு திடீரென்று குறுகி, தண்டுபோல் பிடிக்குள் ஓடுகிறது. அந்த வாலில் முதலில் கைக்காப்பு நுழைந்து அலகின் தோள்களில் முட்டி நிற்கும். அடுத்து மரப்பிடி. கடைசியில் குமிழ். வாலின் நுனி குமிழின் துளை வழியே வெளியே எட்டிப் பார்க்கும். பழைய ஐரோப்பிய வாள்களில் அந்த நுனியைச் சூடாக்கித் தட்டி ஆணித்தலைபோல் விரித்துவிடுவார்கள். பிறகு பிரிக்கவே முடியாது. இன்னொரு வழி, நுனியில் மரை வெட்டித் திருகி இறுக்குவது. திரைப்பட வேலைக்கு இது கைகொடுக்கும். நாள் முழுதும் மோதிய வாளின் பிடி தளர்ந்துவிடும். மரை என்றால் மாலையில் ஒரு சாவியால் இறுக்கிவிடலாம், அலகு கெட்டால் மாற்றலாம். மேலே தோல் சுற்றி முடித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

வாள்கள் முறிவது பெரும்பாலும் நடு அலகில் அல்ல, இந்தத் தோளில்தான். அகலமான எஃகு திடீரென்று குறுகும் இடத்தில் விசை நெருங்கிக் குவிகிறது. அந்த மூலை செங்கோணமாக வெட்டப்பட்டிருந்தால் குவிப்பு பல மடங்கு. மூலையைச் சற்று வட்டமாக அரம்போட்டுவிட்டால் விசை வழிந்து போக இடம் கிடைக்கிறது. விமானச் சன்னல்களின் மூலைகள் வட்டமாக இருப்பதும் இதே காரணத்தால். கைக்காப்புக்கு உள்ளே மறைந்துவிடும் ஒரு மூலை, யாரும் பார்க்கப்போவதில்லை; நல்ல கைவினைஞர் அதைத்தான் முதலில் கவனிப்பார்.

இவ்வளவும் செய்து முடித்தபின் ஒரு சிக்கல் எழுந்தது. வாள்கள் கனமாக இருந்தன. கையில் சமநிலையும் சரியாக அமையவில்லை. நிஜச் சண்டைக்கு அவை உதவாது என்பதைச் செய்தவரும் இயக்குநரும் ஒப்புக்கொண்டார்கள். கனம் மட்டுமே சிக்கல் என்றால் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நேகரின் புஜங்கள் சமாளித்திருக்கும். கனம் எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய சிக்கல். கையைச் சுற்றிச் சுழலும் ஒரு பொருளில், கையிலிருந்து உள்ள தூரத்தின் இருமடிக்கு ஏற்ப ஒவ்வொரு கிராமும் எதிர்ப்பைக் காட்டும். கையிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கும் ஒரு கிராமைவிட, 80 சென்டிமீட்டரில் நுனியில் இருக்கும் ஒரு கிராம் சுழற்சியைப் பதினாறு மடங்கு எதிர்க்கிறது. பழைய போர்வாள்கள் பிடியருகே தடிமனாகவும் நுனி நோக்கி மெலிந்தும் இருந்ததற்குக் காரணம் இதுதான். நடுவில் ஓடும் பள்ளமும் எடையைக் குறைக்கத்தான். இரத்தம் வழிவதற்கு என்பது கட்டுக்கதை. கேமராவுக்கு வேண்டியதோ நுனிவரை அகலமும் தடிமனும். கண்ணுக்கு வீரமாகத் தெரியும் வாள் கைக்குச் சுமையாகிறது.

பின்புறம் பெரிய குமிழ் வைத்தால் சரியாகிவிடாதா? பாதிதான் சரியாகும். குமிழ் சமநிலைப் புள்ளியைக் கைப்பக்கம் இழுக்கும். நுனியில் உள்ள எடையின் எதிர்ப்பை அது குறைக்காது; மொத்த எடையைக் கூட்டவே செய்யும்.

எனவே மாட்ரிட்டில் அலுமினியம், கண்ணாடியிழை, எஃகு ஆகியவற்றில் இலேசான பிரதிகள் செய்யப்பட்டன. அவற்றின் எடை சுமார் 1.4 கிலோ. சண்டைக் காட்சிகளில் சுழன்றவை இவை. கனமான மூல வாள்கள் நெருக்கக் காட்சிகளுக்கு வந்தன. வேலேரியா பாத்திரத்தின் வளைந்த தல்வாரும் அலுமினியத் தகட்டில் சாணை பிடித்துச் செய்ததே. இந்த 1.4 கிலோ என்ற எண்ணைக் கவனியுங்கள். இடைக்கால ஐரோப்பியப் போர்வீரனின் ஒற்றைக்கை வாளின் எடையும் ஏறக்குறைய 1.1 முதல் 1.5 கிலோதான். வரலாற்றுக் கொல்லர்கள் நூற்றாண்டுகளாக அடைந்திருந்த எடைக்கே சண்டைப் பயிற்சியாளரின் தேவையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மனிதத் தோளும் மணிக்கட்டும் மாறவில்லை, அதனால் விடையும் மாறவில்லை.

அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பட்டையின் வளைவு விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும் என்பதால், தடிமனை 1.4 மடங்காக்கினாலே போதும்: எஃகு அளவுக்கு விறைப்பு வந்துவிடும், எடை பாதியில் நிற்கும். இத்தனை நல்ல பேரம் உலோகங்களில் அடிக்கடி அமையாது. கேமராவும் உதவி செய்கிறது. ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் எடுக்கும் கேமராவில் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒளி விழுவது பொதுவாக 48இல் ஒரு பங்கு நொடி. வாளின் நுனி நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்துக்குள் அது 30 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். திரையில் ஓர் ஒளிக்கீற்று மட்டுமே பதிவாகும். எஃகா அலுமினியமா என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது. வாள் நிற்கும்போதுதான் எஃகின் ஆழ்ந்த சாம்பல் நிறமும் அலுமினியத்தின் வெளிர்வெண்மையும் வேறுபடும். அப்போது மூல வாள் கைக்கு வந்துவிடும்.

அலுமினியத்துக்கு ஒரு பெரிய குறையும் உண்டு: களைப்பு. எஃகில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள விசையை எத்தனை இலட்சம் முறை கொடுத்தாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பான எல்லை இல்லை. சிறு அடிகளும் கணக்கில் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் தோள் மூலையில் விரிசலாக வெளிப்படும். அலுமினிய வாளுக்கு ஆயுள் உண்டு. அது முடியுமுன் ஒதுக்கிவிட வேண்டும். விளிம்பில் விழும் வெட்டுகளும் ஆபத்தானவை. மென்மையான உலோகம் பிதுங்கி அரிவாள் பல்போல் நீட்டிக்கொண்டிருக்கும். கூர் வைக்காத வாளும் அப்போது தோலைக் கிழிக்கும். கோனன் படத்துக்கான பயிற்சியின்போது வேலேரியாவாக நடித்த சாண்டால் பெர்க்மனின் விரல், உடன் மோதியவர் வகுத்த அசைவிலிருந்து தவறியதால் வெட்டுப்பட்டது.

வாள்கள் மோதும்போது தெறிக்கும் பொறிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஃகு உரசும்போது பெயரும் நுண்துகள்கள் காற்றில் எரிந்து பொறியாகின்றன. அலுமினியத்தில் இது நடக்காது. எஃகு வாளில்கூட ஒவ்வொரு மோதலிலும் நடக்காது. 1986இல் வந்த 'ஹைலாண்டர்' படத்தில் வாள்களுக்குக் கம்பி கொடுத்துக் கார் பேட்டரியோடு இணைத்தார்கள். வாள்கள் தொட்டபோது மின்சுற்று மூடிப் பொறி பறந்தது. கோனன் வாளில் எழுத்து பொறித்த அதே மின்பொறி, இங்கே காட்சிக்காக வந்து நின்றது.

கோனன் படத்துக்குச் சுமார் இருபது ஆண்டுகள் கழித்து நியூசிலாந்தில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்காக வேட்டா பட்டறை ஆயுதங்கள் செய்தபோது இந்த அனுபவம் ஒரு ஒழுங்காகவே மாறிவிட்டிருந்தது. முக்கிய வாள்களை பீட்டர் லயன் வில்லெஃகில், லாரியின் அடியில் இருக்கும் பட்டைகளின் இனத்தைச் சேர்ந்த எஃகில், சாணை பிடித்துச் செய்தார். மோதலுக்கு அலுமினியம். தூரத்தில் நிற்கும் படைக்கும் குதிரைச் சாகசத்துக்கும் யூரிதேன் ரப்பர். ஹாபிட்கள் சிறியவர்கள் என்பதால் சில பொருள்கள் இரண்டு அளவுகளில் வேறு வேண்டியிருந்தன. அரகோர்னாக நடித்த விகோ மார்ட்டென்சன் மட்டும் அலுமினியத்தை ஒதுக்கி, கூடுமானவரை எஃகு வாளையே பயன்படுத்தினார். எஃகு கையில் இருந்தால் உடல் வேறு விதமாக நகரும் என்பது உண்மைதான். ஆனால் அவருக்குப் பயிற்சி அளித்தவர் பாப் ஆண்டர்சன் என்ற ஒலிம்பிக் வாள்வீரர். அத்தகைய ஆசிரியர் இல்லாதவர்கள் அவரைப் பின்பற்றக் கூடாது.

பள்ளி நாடகத்துக்கோ குறும்படத்துக்கோ வாள் செய்யப்போகும் இளைஞர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்குச் சில வார்த்தைகள். விளிம்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனிலேயே நிறுத்தி வட்டமாக்குங்கள், நுனியையும் மழுக்குங்கள். வாலை அலகோடு ஒரே துண்டாக வெட்டுங்கள், தனியாக வெல்டிங் வைக்காதீர்கள். வெல்டிங்கின் சூடு எஃகின் பதத்தை அந்த இடத்தில் கெடுத்துவிடும். தோள் மூலையை வட்டமாக அரம்போடுங்கள். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் பிதுங்கிய இடங்களைத் தேய்த்துச் சமமாக்கி, பிடி ஆடுகிறதா என்று பாருங்கள். தோளருகே மயிரிழை விரிசல் தெரிந்தால், எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் சரி, அந்த வாளை அன்றோடு மேடையிலிருந்து விலக்கிவிடுங்கள்.